வாசலும் படப் புத்தகமும்

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விலங்குகள் இரண்டு வழிகளில் அறிமுகமாகின்றன. ஒன்று, வாசலில் ஊரும் எறும்பும் மதிலில் வந்து உட்காரும் காக்கையும். மற்றொன்று, மடியில் விரித்து வைக்கும் படப் புத்தகம். இரண்டும் ஒரே ஆர்வத்தைத்தான் வளர்க்கின்றன. கற்றுக்கொடுப்பது மட்டும் வேறு.

புத்தகத்தின் பலம் அதன் வீச்சு. ஒட்டகச்சிவிங்கியையும் பென்குயினையும் நம் வாசலுக்கு வரவழைக்க முடியாது. படத்தில் உள்ள புலி ஓடிப்போவதும் இல்லை. "இன்னொரு தடவை" என்று குழந்தை எத்தனை முறை கேட்டாலும் அதே பக்கத்தில் நிற்கும். பெயர்கள் மனதில் பதியும் வயதில் அது பெரிய உதவி.

ஆனால் படத்தைப் படம் என்று அறிவதே ஒரு பாடம். ஜூடி டெலோச்சும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் படத்திலிருந்த பொருளைக் கையால் பிடித்து எடுக்கப் பார்த்தார்கள். 19 மாதக் குழந்தைகளோ பெரும்பாலும் விரல் நீட்டிக் காட்டினார்கள். அளவிலும் சிக்கல் உண்டு: புத்தகத்தில் எறும்புக்கும் ஒரு பக்கம், யானைக்கும் ஒரு பக்கம்.

வாசலில் கிடைப்பது உயிரின் பதில். மழைக்காலத்தில் மரவட்டையை ஈர்க்குச்சியால் தொட்டால் சுருண்டுகொள்கிறது. சும்மா விட்டால் மெல்ல விரிந்து நடக்கிறது. அரிசியை இறைத்தால் கோழி வருகிறது, துரத்தினால் ஓடுகிறது. நான் செய்வதை இன்னொரு உயிர் உணர்கிறது என்பதை எந்த அட்டைப் புத்தகமும் இப்படிக் காட்டாது. உயிருள்ளவை மீது குழந்தைக்கு உள்ள ஈர்ப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கும் சான்று உண்டு. வனெசா லோபூவும் டெலோச்சும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள், அழகான பொம்மைகள் பக்கத்திலேயே இருந்தும், மீன், வெள்ளெலி போன்ற உயிருள்ளவற்றோடுதான் அதிக நேரம் கழித்தார்கள்.

ஆபத்து என்று பார்த்தால் புத்தகம் பத்திரமானது. வாசலில் பூரானும் தேளும் பழகாத நாயும் உண்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் எதற்குப் பயப்படலாம் என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. எல்லாப் பூச்சிக்கும் "ச்சீ" என்றால் ஆர்வமும் சேர்ந்தே அடங்கிவிடும். எதைத் தொடலாம், எதைத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று பிரித்துச் சொன்னால் எச்சரிக்கையும் வரும், ஆர்வமும் குறையாது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் பாட்ரிசியா கானியா குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளை மனிதர்போலச் சித்தரித்த கதைகளைக் கேட்டவர்கள், நிஜ விலங்குகளுக்கும் மனித குணங்களைக் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். சட்டை போட்ட கரடிக் கதை வேண்டாம் என்பதில்லை. கரடியைக் கரடியாகவே காட்டும் புத்தகமும் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆக, இரண்டில் எது உயர்ந்தது என்பதைவிட எது முதலில் என்பதே முக்கியம். என் முடிவு: வாசல் முதலில், புத்தகம் பின்னால். காலையில் காக்கைக்குச் சோறு வைத்த குழந்தைக்கு மாலையில் காக்கைப் படத்தைக் காட்டினால், அந்தப் படத்துக்குக் குரலும் அசைவும் ஏற்கெனவே உண்டு. அடுக்குமாடி வீட்டிலும் இதற்கு வழி இருக்கிறது: பல்லியும் புறாவும் எறும்பும் அங்கேயும் வரும். அவற்றை நின்று பார்க்கக் குழந்தைக்கு அவகாசம் கொடுப்பதுதான் பெற்றோரின் வேலை.