சுரங்கத்துக் கானரியும் வீட்டுக் கருவியும்

நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டோருள் பலரைக் கொன்றது வெடிப்பு அன்று, பின்னர்ப் பரவிய கார்பன் மோனாக்சைடே என ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896ஆம் ஆண்டு அறிக்கையில் காட்டினார். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினுடன் பிணைவது. மனிதருக்கு முன்பே மயங்கும் சிற்றுயிரை உடன்கொண்டு செல்லுமாறு அவர் பரிந்துரைத்தார். கானரிப் பறவை சுரங்கம் புகுந்தது அவ்வாறே. பிரித்தானியா அதற்கு மாற்றாக மின்னணுக் கருவியை அறிவித்தது 1986இல்தான்.

வட இந்தியக் குளிரிரவுகளில், கதவடைத்த அறையில் அங்கீட்டி மூட்டி உறங்கியோர் மாண்ட செய்தி இன்றும் வருகிறது. (விடுதிவாழ் ஆய்வு மாணவர்களும் கருதுக.) கனன்ற கரியில் புகை குறைவு, புகையுணர்விக்கோ இவ்வாயு புலப்படாது. ஆகவே உறங்கும் அறையருகே கார்பன் மோனாக்சைடு உணர்வியைத் தனியே பொருத்துதல் வேண்டும். அதன் உணர்முனைக்கும் ஆயுட்காலம் உண்டு. வாங்குமுன் காலாவதி ஆண்டைப் பார்க்க.