சொல்லப்படாத நோக்கம்: கூடலூர் ஜன்மச் சட்டமும் நாடாளுமன்றமும், 1969–1974

நீலகிரியின் மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பேச்சை அளந்தே ஆளை எடைபோடுகின்றன. 1957இல் சி. நஞ்சப்பன், 1962இல் அக்கம்மா தேவி, 1967இல் சுதந்திராக் கட்சியின் எம். கே. நஞ்ச கவுடர், 1971இல் தி.மு.க.வின் ஜே. மாதா கவுடர் என்று வரிசைப்படுத்தி, அவையில் யார் எத்தனை முறை எழுந்தார், தேயிலைக்கும் மலை ரயிலுக்கும் என்ன கேட்டார் என்று கணக்கிடுகின்றன. இந்தக் கணக்கு வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த மலை மாவட்டத்தைப் பொறுத்தவரை நாடாளுமன்றம் செய்த ஆகக் கனமான செயல், எந்தப் பேச்சிலும் அடங்காதது. அது ஒரு பட்டியலில் ஏறிய ஒரே ஒரு வரி: சட்டங்களுக்கு நீதிமன்றச் சவாலிலிருந்து காப்பளிக்கும், அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் 80ஆம் பதிவு.

அந்தப் பதிவு, 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு 24ஆம் சட்டமான கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் (ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றல்) சட்டம். அதை அட்டவணையில் சேர்த்தது 1974 செப்டம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த 34ஆம் திருத்தம். இடையில், 1972 ஏப்ரல் 19இல், பால்மேடீஸ் பிளாண்டேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரு பகுதியை வெட்டியிருந்தது. துறையில் வழங்கிவரும் விளக்கம் எளிமையானது: சொத்துரிமையின் பக்கம் சாய்ந்த நீதிமன்றம் நிலச்சீர்திருத்தத்தை முடக்கியது, மக்களவை அதை மீட்டது. இவ்விளக்கம் தீர்ப்பின் முடிவை மட்டும் படிக்கிறது, தீர்ப்பை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்ப்பு சொன்னது என்ன? நிலம்பூர்க் கோவிலகம் போன்ற ஜன்மிகளின் (பரம்பரை நிலவுடைமையாளர்களின்) உரிமையை அரசு எடுத்துக்கொள்வது செல்லும்; ஜன்ம உரிமை ஓர் ‘எஸ்டேட்’; வேளாண் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசமைப்பின் 31ஏ உறுப்பு தரும் காப்பு அதற்கு உண்டு. இதுவரை தோட்ட முதலாளிகள் தோற்றார்கள். அவர்கள் வென்றது ஓரிடத்தில்தான். 3ஆம் பிரிவு ஜன்ம எஸ்டேட்டுகளில் இருந்த காடுகளையும் அரசின் கையில் சேர்த்தது. சேர்த்த காட்டை அரசு என்ன செய்யும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நிலமற்றவருக்குப் பகிர்ந்தளிக்குமா, மேய்ச்சலுக்கு விடுமா, கிராமத்தின் பொதுத் தேவைக்கு ஒதுக்குமா? ஒன்றுமில்லை. வேளாண் சீர்திருத்தத்தோடு இணைக்கும் ஒரு தொடரும் இல்லாத நிலையில், காடுகளைப் பொறுத்தவரை 3ஆம் பிரிவுக்கு 31ஏ காப்பு கிடைக்காது என்றது நீதிமன்றம். அந்த அளவுக்கே அது செல்லாமல் போயிற்று.

இதை நீதிமன்றத்தின் சாய்வு என்று படிப்பவர்கள் அண்டை மாநிலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேரளம் 1971இல் தனியார் காடுகளை அரசுடைமையாக்கிய சட்டமும் இதே ஜன்ம மரபின் காடுகளைப் பற்றியதே. நாடுகாணிச் சரிவில் இறங்கினால் வருவது அந்தக் காடுதான். ஆனால் அச்சட்டத்தில் காடுகளை உழவர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒப்படைக்கும் நோக்கமும் வழிமுறையும் எழுதப்பட்டிருந்தன. 1973 செப்டம்பரில் குவாலியர் ரேயான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முழுமையாக ஏற்றது. கூடலூர்ச் சட்டத்திலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பதையும் சுட்டியது. இரண்டு தீர்ப்புக்கும் இடையே பதினேழு மாதங்கள். நீதிமன்றம் தலைகீழாகத் திரும்பிவிட்டதென்று நம்புவதைவிட, ஒரு சட்டத்தில் இருந்த வாசகம் இன்னொன்றில் இல்லை என்று கொள்வது எளிது. நடுவில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்து சூழலை மாற்றிவிட்டது என்ற மறுப்பு எழலாம். கேரள வழக்கு 31ஏ உறுப்பின்மேலேயே தீர்ந்தது. அந்த மறுப்பில் வலுவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூடலூர்ச் சட்டத்தில் ‘காடு’ என்பதன் வரையறை மிக அகலமானது: மரமோ புதரோ நாணலோ வளர்ந்த தரிசும், உழத்தகுந்த நிலமும் அதில் அடங்கும். உழத்தகுந்த நிலத்தையே காடு என்று எடுத்துக்கொண்ட சட்டமன்றம் அதை உழவுக்குத்தானே எடுத்திருக்கும், நோக்கம் உள்ளடங்கி நிற்கிறதே என்பது வாதம். கவர்ச்சியானது. ஆனால் வரையறை எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும். எதற்காக என்பதைச் சொல்லாது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் அந்த அகலமே நம்மை எச்சரிக்க வேண்டும். தோட்டக்காரர்கள் பயிரிடாமல் விட்டதையும், பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் புழங்கியதையும், மவுண்டாடன் செட்டிகளின் வயலோரப் புதரையும், கேரளத்திலிருந்து குடியேறியவர்கள் அப்போதுதான் வெட்டித் திருத்திக்கொண்டிருந்ததையும் ஒரே சொல்லுக்குள் போட்டு, யாருக்கு எது என்பதைச் சொல்லாமல் விட்டது சட்டம். இது கவனக்குறைவா, கணக்குப் போட்ட மவுனமா என்பதில் நான் அடித்துச் சொல்ல விரும்பவில்லை. அன்றைய கூடலூரில் எந்தப் பதிலும் ஒரு சாராரைப் பகைத்திருக்கும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனி நாடாளுமன்றம். பால்மேடீஸ் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1972 ஜூனில் 29ஆம் திருத்தம் நிறைவேறியது. அதில் ஏறியவை இரண்டே சட்டங்கள், இரண்டும் கேரளத்தின் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டங்கள். கூடலூருக்கு இடம் கிடைக்கவில்லை. 1974இல் 34ஆம் திருத்தம் இருபது சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்த்தது. அத்திருத்தத்தின் நோக்க விளக்கம் 1972 ஜூலையில் டெல்லியில் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டையும் நில உச்சவரம்புக் குறைப்பையும் பேசுகிறது. 1969இல் நிறைவேறிய, உச்சவரம்போடு தொடர்பில்லாத கூடலூர்ச் சட்டத்துக்கு அந்த விளக்கம் பொருந்தவே பொருந்தாது. ஆக, மாநிலச் சட்டமன்றம் எழுதாமல் விட்ட நோக்கத்தை நாடாளுமன்றமும் எழுதவில்லை. மவுனத்துக்கு மேல் ஒரு கூரை போட்டது, அவ்வளவே. அதே 1974 ஏப்ரலில்தான் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. டெல்லியோடு மோதிக்கொண்டிருந்த அரசின் சட்டத்துக்கு டெல்லியே காப்பு வழங்கியது. இந்த முரணை ஆய்வாளர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

தாமதத்துக்கு விலை இருந்தது. கேசவானந்த பாரதி தீர்ப்பின் நாளான 1973 ஏப்ரல் 24க்கு முன்பு ஒன்பதாம் அட்டவணையில் ஏறிய சட்டங்களுக்கு ஒரு நிலை, பின்பு ஏறியவற்றுக்கு வேறொரு நிலை. 29ஆம் திருத்தத்தோடு போயிருந்தால் கூடலூர்ச் சட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கும். 34ஆம் திருத்தத்தில் போனதால் அந்தப் பக்கம் நின்றது. சட்டம் 1974 நவம்பர் 27இல் நடைமுறைக்கு வந்தது. அதை அட்டவணையில் சேர்த்ததை எதிர்த்த வழக்கும் கூடவே வளர்ந்தது. 1999இல் அய்வர் அமர்வு அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லுக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தனர். சட்டக் கல்லூரிகளில் ஐ. ஆர். கொயிலோ வழக்கு என்று படிப்பிக்கப்படும் அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர்க் காட்டில் இருக்கிறது. மவுனத்தைக் காப்பாற்றப்போன நாடாளுமன்றம் தன் அதிகாரத்தின் ஒரு பங்கை அங்கே இழந்தது என்றுகூடச் சொல்வேன். இது சற்று மிகை என்று சிலர் கருதலாம்.

2010இல் கிளென்ராக் எஸ்டேட் வழக்கில் கூடலூர்ச் சட்டம் தப்பியது. 34ஆம் திருத்தம் செல்லும் என்று முடிவாயிற்று. தப்பிய வழி கவனிக்கத்தக்கது. காடுகள் நாட்டின் சொத்து, வருங்காலத் தலைமுறைக்கும் அதில் பங்குண்டு என்ற கோணத்தில் நீதிமன்றம் பேசியது. 1969இன் வாசகத்தில் உழவருக்கான பகிர்வும் இல்லை, காட்டுப் பாதுகாப்பும் இல்லை. வெற்றிடத்தில் பின்னது வந்து உட்கார்ந்தது. அதற்கான களத்தை அமைத்ததும் கூடலூர்தான்: மரவெட்டலை எதிர்த்து 1995இல் வழக்குப் போட்டவர் நிலம்பூர்க் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12இல் பிறந்த ஆணை, பதிவேட்டில் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்றது.

குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய பிரிவு 17 இன்று கூடலூரிலும் பந்தலூரிலும் ஓர் ஊர்ப்பெயரைப் போல வழங்குகிறது. பட்டா வராத மண்ணில் வீடு கட்டி மின் இணைப்புக்கு அலைபவர்களிடம் எந்த உறுப்பினர் அவையில் நன்றாகப் பேசினார் என்ற கேள்விக்குப் பொருளில்லை. பேச்சுக் குறிப்புகளிலிருந்து தொடங்கும் ஆய்வு இந்த நிலங்களை எட்டாது. பிரிவு 3 நிறைவேறிய நாளில், காட்டை எதற்காக எடுக்கிறோம் என்ற வாக்கியம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம் கொண்டுவரும் உரிமை சட்டமன்றத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருந்தது.