வங்கக்கடல் மேல் காற்றின் ஈரம்: செயற்கைக்கோள் அளவும் வானிலை மாதிரி அளவும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைக்கான ஈரம் பெரும்பாலும் வங்கக்கடல் காற்றோடு வந்து சேர்வது. அதைக் கடலின் மேலேயே நேரடியாக அளக்கும் கருவிகள் மிகக் குறைவு. மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலை பலூன் கரையோரக் காற்றைத்தான் அளக்கும்; கடலில் நிறுத்திய மிதவைகள் நீர்மட்டத்தை ஒட்டிய ஈரப்பதத்தைச் சொல்லும், பல கிலோமீட்டர் உயரம் வரை நிற்கும் நீராவியைச் சொல்லா. எனவே செயற்கைக்கோள் அளவையும் கணினி மாதிரியின் அளவையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறுபட்டால் மாதிரியின் மேல் பழிபோடுவது அவசர முடிவு. வேறுபாட்டின் கணிசமான பங்கு, எந்தெந்த நேரங்களைக் கணக்கில் சேர்த்தோம் என்பதில்தான் பிறக்கிறது.

இன்சாட்-3டி வரிசைக் கோள்களில் உள்ள அகச்சிவப்புக் கருவியின் பார்வை மேகத்தின் உச்சியோடு நின்றுவிடும். நுண்ணலை மேகத்தை ஊடுருவும். கடற்பரப்பு நுண்ணலையைக் குறைவாகவே உமிழ்வதால் அந்த மங்கிய பின்னணியில் நீராவியின் உமிழ்வு நன்றாகப் புலப்படும். நிலத்தின் மேல் இந்த வசதி இல்லை. ஆனால் கனமழையில் நுண்ணலையும் தடுமாறும். ஆகவே செயற்கைக்கோள் தரும் மாதச் சராசரியில் ஈரம் மிகுந்த நேரங்கள் விடுபடுகின்றன. மாதிரியோ ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் தருகிறது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை ஒட்டி நின்றபோது, ஈரத்தின் அளவு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், அடர்மேகத்தின் கீழே அகச்சிவப்புக்கு எதுவும் எட்டியிருக்காது. கோள் பார்த்த இடங்களையும் நேரங்களையும் மட்டும் மாதிரியிலிருந்து எடுத்து ஒப்பிடுவதே நியாயம்.

மாதிரியே செயற்கைக்கோள் தரவை உள்வாங்கித்தானே இயங்குகிறது, பிறகு ஒப்பீடு எதற்கு என்ற மறுப்பு வலுவானது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு அப்படிப்பட்டதுதான். இரண்டும் ஒத்துப்போவது பெரிய சான்றாகாது என்பதை ஏற்க வேண்டும். ஆனால் தரவைச் சேர்ப்பதற்கு முந்தைய சில மணி நேர முன்கணிப்போடு ஒப்பிட்டால் அந்தச் சிக்கல் பெருமளவு குறையும். அப்போதும் ஒரே திசையில் விலகல் தொடர்ந்தால், கருவியின் அளவுத்திருத்தத்தையோ மாதிரி மழையைக் கணிக்கும் முறையையோ சோதித்தாக வேண்டும். எல்லா நேரத்துக்கும் எண் இருப்பதால் மாதிரி ஒன்றே போதும் என்பதும் சரியல்ல. அவதானிப்பு எட்டாத மழைமேகத்துக்குள் அந்த எண் மாதிரியின் அனுமானத்தையே பெரிதும் சார்ந்தது.

அந்த இடைவெளியைக் குறைக்கவே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய-பிரெஞ்சுக் கூட்டுமுயற்சியான மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12 அன்று ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்ந்த சுற்றுப்பாதை, துருவக் கோள்களைவிட அடிக்கடி அதை வங்கக்கடலுக்கு மேல் கொண்டுவந்தது. அதன் சஃபீர் கருவி 183 கிகாஹெர்ட்ஸ் நீராவி வரியை ஒட்டிய ஆறு அலைவரிசைகளில் அளந்தது: வரியின் நடுவை ஒட்டியவை மேலடுக்கையும், விலகியவை கீழடுக்கையும் காட்டின. 2023 மார்ச் 7 அன்று அந்தக் கோள் பசிபிக் கடலுக்கு மேல் திட்டமிட்டு இறக்கி அழிக்கப்பட்டது. மிக்ஜாம் வந்தபோது அந்தக் கண் இல்லை. 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் ஈரத்தை அளப்பதும் அகச்சிவப்பால்தான்.