ஊமைப்படச் சுருள்களும் அவற்றைக் காத்தவர்களும்

இராயபுரத்திலிருந்து சற்றுத் தெற்கே நடந்தால் தங்கசாலைத் தெருவை அடையலாம். இரகுபதி வெங்கையா கட்டிய கிரௌன் அரங்கு அங்குதான் இருந்தது. இன்று அக்கட்டடமும் இல்லை. அங்கு ஓடிய ஊமைப்படங்களைப் பற்றிப் பேசுவாரும் அரிது. அண்மையில் சில பழைய இத்தாலிய நகைச்சுவைப் படங்களைக் கண்டபோது எமக்கு அந்த அரங்கே நினைவில் வந்தது.

பிரெஞ்சு நடிகரான ஆந்த்ரே தீத் 1909 முதல் துரின் நகரின் இட்டாலா நிறுவனத்துக்காக 'கிரெத்தினெத்தி' என்னும் கோமாளியாக நடித்தார். பெர்தினாந்து குய்யோம் முதலில் 'தொந்தொலினி'யாகவும் பின்னர் 'பொலிதோர்' ஆகவும் புகழ்பெற்றார். பெரும்பாலும் சில நிமிடங்களே ஓடும் படங்கள் இவை. ஒருவன் வீட்டினுள் நுழைவான். மேசை, நாற்காலி, கண்ணாடி எல்லாம் நொறுங்கும். ஊரே அவனைத் துரத்தும்.

இவற்றுள் பல இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணம், கிடைத்த சுருள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களே. ஆலந்து விநியோகஸ்தர் ழான் தெஸ்மெத் விட்டுச்சென்ற தொகுப்பில் ஏறக்குறைய 900 படங்கள் இருந்தன; 2011இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இயேசு சபைத் துறவி ஜோசஃப் ஜோய் சுவிட்சர்லாந்தில் ஒரு பெருந்தொகுப்பைச் சேர்த்தார். அது சிதைந்து வருவதைக் கண்ட வரலாற்றாசிரியர் தாவிதே துர்கோனி, 1960களில் அதிலிருந்து படத்துணுக்குகளை வெட்டியெடுத்துக் காத்தார். அவை இருபதாயிரத்துக்கும் மேல்.

நம் பக்கம் திரும்பினால் நெஞ்சு கனக்கிறது. நடராஜ முதலியாரின் 'கீசகவத'த்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. தீ விபத்தொன்றில் மகனை இழந்த அவர் 1923இல் திரைத்துறையையே துறந்தார். நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். எரியாது தப்பியவற்றிலும் பல, அவற்றிலிருந்த வெள்ளிக்காக அழிக்கப்பட்டன.

நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) மட்டும் ஒரு விந்தையால் பிழைத்தது. பதிப்புரிமை வழக்கால் முடங்கிய அதன் பிரதி, நாவலை வெளியிட்ட பதிப்பகத்திலேயே கிடந்தது. 1974இல் பி. கே. நாயர் அதனைப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடாமல் தடுக்கப்பட்ட படம் வாழ்கிறது!

வடசென்னையின் பழைய வீட்டுப் பரண்களில் துருவேறிய தகரப்பெட்டி ஏதேனும் கண்ணிற்பட்டால், அன்பர்கள் அதனைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். தீக்கும் வெயிலுக்கும் அப்பால் வைத்து, காப்பகத்தாருக்குத் தெரிவியுங்கள். நம் தாத்தாக்கள் பார்த்துச் சிரித்த படமொன்று அதனுள் இருக்கக்கூடும்.