சபையில் பேசிய பெண்மணி

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றத்தைக் கடந்து சென்றால் சதுரங்கப்பட்டினம் வரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள அவ்வூரில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையின் துணிகளை நாடி டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டியிட்டு வந்தனர். 1640இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை எழுப்பத் தொடங்கினர். அந்த வணிகரை நாம் அறிவோம். அவர்களுடைய நாட்டில் அதே காலத்தில் எழுந்த ஒரு கேள்வியை அவ்வளவாக அறியோம். மார்க்கத்தைப் பற்றிச் சபையில் பேசப் பெண்ணுக்கு உரிமை உண்டா என்பதே அது.

அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் மார்கரெட் ஃபெல் அம்மையார். 1614இல் பிறந்த இவர், தாமஸ் ஃபெல் என்னும் நீதிபதியின் மனைவி. எட்டு மக்களை வளர்த்த தாய். 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் இவருடைய சுவார்த்மோர் இல்லத்துக்கு வந்தார். இறைவனை அறியப் பாதிரிமாரின் இடையீடு வேண்டா, ஒவ்வோர் உள்ளத்திலும் அவன் ஒளி உண்டு என்பது அவர் போதனை. அம்மையார் அதை ஏற்றார். 'நண்பர்கள்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட அக்கூட்டத்தாரை உலகம் 'குவேக்கர்', அதாவது நடுங்குவோர், என்று ஏளனம் செய்தது.

அன்று முதல் அவ்வில்லமே இயக்கத்தின் தலைமையகமாயிற்று. ஊர் ஊராகச் சென்ற போதகருக்கும் சிறைப்பட்டோருக்கும் உதவ அம்மையார் நிதி திரட்டினார்; கடிதங்களால் அவர்களை ஒன்றிணைத்தார். 1660இல் மன்னர் இரண்டாம் சார்லஸை நேரில் கண்டு, தம் கூட்டத்தார் ஆயுதம் ஏந்தாதவர் என எடுத்துரைத்தார். இல்லத்தில் கூட்டம் நடத்தியதற்காகவும் அரசு கேட்ட சத்தியப் பிரமாணத்தை மறுத்ததற்காகவும் 1664இல் லங்காஸ்டர் சிறையில் அடைக்கப்பட்டார். உடைமை பறிமுதல், ஆயுட்சிறை என்று தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ நான்காண்டுகள் சிறையிலிருந்தார்.

அங்கிருந்தபோதுதான், பெண்கள் சபையில் பேசுவது நியாயமே என நிறுவும் நூலை எழுதினார். 1666இல் அது வெளிவந்தது. பெண்கள் சபையில் வாய்மூடியிருக்க வேண்டும் என்ற பவுலின் கூற்றையே பாதிரிமார் எடுத்துக் காட்டினர். அம்மையாரோ அவர்களுடைய வேதத்தைக் கொண்டே அதற்கு விடையளித்தார். அக்கூற்று ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரை நோக்கியதே என்றார். அவ்வேதத்தில் இறைசெய்தியைச் சுமந்து சென்ற பெண்களை வரிசைப்படுத்தினார்.

அவ்வியக்கத்தின் பெயரால் கடல் கடந்த பெண்களுள் ஒருவர் மேரி ஃபிஷர். யார்க்ஷயரில் பணிப்பெண்ணாக இருந்தவர். கேம்பிரிட்ஜில் போதித்ததற்காக 1653இல் கசையடி பட்டார். 1656இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கியபோது அவர் கொண்டுசென்ற நூல்களைக் கொளுத்தினர். சூனியக்காரியோ என ஆடை களைந்து சோதித்தனர். சிறையிலடைத்துத் திருப்பி அனுப்பினர். 1658இல் அதே பெண் தன்னந்தனியே நெடுந்தொலைவு நடந்து, எதிர்னே நகரில் உஸ்மானியச் சுல்தான் நான்காம் முஹம்மதின் முன் நின்றார். சுல்தானுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு தூதருக்குரிய மரியாதையுடன் அவரை வரவேற்று, இறுதிவரை செவிமடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி வினவியபோது அப்பெண் நிதானமாகவே விடையளித்தார். வழித்துணைக்குக் காவலர் தரவும் சுல்தான் முன்வந்தார். அவர் நன்றியுடன் மறுத்துவிட்டார்.

கிறிஸ்தவ நகரங்கள் அடித்து விரட்டிய பெண்ணை முஸ்லிம் அரசவை அமைதியாகக் கேட்டது. இதைப் படிக்கும்போது நம் நெஞ்சம் நிமிர்வது இயல்பே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் ஐயம் தெளிந்தனர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அம்மையார் ஸஹீஹுல் புகாரியைப் போதிக்க, அறிஞர் பெருமக்கள் அமர்ந்து பாடம் கேட்டனர். நமக்கு இது புதிய பாடமன்று.

ஆனால் பழம்பெருமை மட்டும் போதுமா? எனக்கு அலிஃப், பா சொல்லித்தந்த முதல் உஸ்தாத் என் பாட்டியார். திண்ணையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தார். என் மதரஸாச் சான்றிதழில் ஆசிரியர் பலரின் பெயர் உண்டு. அவர் பெயர் இல்லை. ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசியபோது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே அமர்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

ஃபெல் அம்மையாரின் கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. 1702இல் மறையும்வரை அவர் சோர்ந்தாரில்லை என்பதை மதிக்க அது தடையுமல்ல. அந்நியப் பெண்ணின் சொல்லையே பொறுமையாகக் கேட்டார் ஓர் இளம் சுல்தான். நம் வீட்டில் ஓதிக்கொடுக்கும் பெண்ணின் சொல்லை நாம் கேட்கிறோமா? அல்லாஹ் நமக்குக் கேட்கும் செவியைத் தந்தருள்வானாக. ஆமீன்.