மருத்துவம் படிக்கச் சென்றவரும் மலையகமும்

பதுளையிலிருந்து எல்ல வழியாகத் தெற்கே இறங்கும் வீதி, தேயிலைச் சரிவுகளைக் கடந்து வெல்லவாய என்னும் சிறு நகரை அடைகிறது. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையில் அந்நகரின் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. அன்றிரவு நாடெங்கும் ஒரே நேரத்தில் தாக்குவதே கிளர்ச்சியாளரின் திட்டம். ஊவாவில் இருந்தவர்கள் முந்திக்கொண்டதால் அரசு விழித்துக்கொண்டது. திட்டத்தின் வலு அப்போதே பாதி குறைந்தது.

கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீர அவ்வேளையில் யாழ்ப்பாணத்தில் சிறைவைக்கப்பட்டிருந்தார். வயது 27. தென்னிலங்கையில் ஒரு கம்யூனிஸ்டுக் கட்சித் தொண்டரின் மகனாகப் பிறந்த இவர், 1960இல் மருத்துவம் பயில மாஸ்கோ சென்றார். சீன–சோவியத் பிளவில் சீனாவின் பக்கம் சாய்ந்தார். 1964இல் தாயகம் வந்தவருக்கு, திரும்பிச் செல்ல சோவியத் அரசு விசா வழங்கவில்லை. படிப்பு நின்றது. மறு ஆண்டு மக்கள் விடுதலை முன்னணி பிறந்தது. மருத்துவரான சேகுவேராவை முன்மாதிரியாகக் கொண்ட இவ்விளைஞர்களை மக்கள் 'சேகுவேராக்காரர்' என்றே அழைத்தனர்.

கிராமத்து வறிய இளைஞர்களுக்கு இயக்கம் ஐந்து அரசியல் வகுப்புகளை நடத்தியது. அவற்றுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களை அவ்விஸ்தரிப்பின் கருவிகளாகச் சித்திரித்தது அது.

யார் அந்தத் தொழிலாளர்கள்? 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டவர்கள். லயக் காம்பிராக்களில் வாழ்ந்த இம்மக்களைவிட நாட்டில் உரிமையற்றவர் எவர்? பாட்டாளிகளின் பெயரால் எழுந்த புரட்சி, நாட்டின் மிகப் பெரிய பாட்டாளிக் கூட்டத்தை வெளியே நிறுத்தியது. தோட்டங்களும் அப்புரட்சியில் சேரவில்லை. நோயைத் தேடிய மருத்துவ மாணவர், நோயாளியையே நோய் என்று கொண்டதுதான் இதன் அவலம்.

கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டனர். 1977இல் விடுதலையான விஜேவீர, 1982 சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டார். 1983இல் கட்சி தடைசெய்யப்பட, தலைமறைவானார். 1987இல் தொடங்கிய இரண்டாவது கிளர்ச்சி, இருதரப்புக் கொடுமைகளிலும் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. 1989 நவம்பர் 12இல் உலப்பனையில், தோட்ட உரிமையாளர் என்ற போர்வையில் மாற்றுப் பெயருடன் வாழ்ந்துவந்த அவர் பிடிபட்டார். மறுநாள் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார். வயது 46. எந்தத் தோட்ட மக்களை ஐயுற்றாரோ, அவர்களின் மலைநாட்டில்தான் அவர் இறுதி அடைக்கலம் தேடியிருந்தார்.

2024 செப்டெம்பரில் அவருடைய கட்சியின் தலைவர் அநுரகுமார திசாநாயக்க சனாதிபதியானார். அதே ஆண்டு நவம்பரில், அக்கட்சி தலைமைதாங்கும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகத் தமிழ்ப் பெண் நாடாளுமன்றம் சென்றார். அந்த ஐந்து வகுப்புகளில் அமர்ந்திருந்தோர் கற்பனையிலும் காணாத காட்சி இது.

வரலாறு தன்னைத் திருத்திக்கொண்டது என்று உடனே எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. லயங்களுக்குப் பதிலாகக் காணியும் வீடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாகும் நாளில் அதை எழுதலாம். ஆனால், தோட்டத்து மனிதரை அந்நியர் என்று கற்பித்த இயக்கம் அவரிடமே வாக்குக் கேட்டுப் பெற்றிருக்கிறது. கடன் இனி அதன் கணக்கில்.