தேவராயசமுத்திரத்து ஐயர்

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் போகிற பஸ்ஸில் முல்பாகல் வந்ததும் பாதிப்பேர் டீக்கு இறங்கிவிடுவார்கள். அந்தத் தாலுகாவில் தேவராயசமுத்திரம் என்ற ஊர்க்காரர் உடற்பயிற்சி ஆசான் கே. வி. ஐயர். கோலார் வெங்கடேச ஐயர் என்பது முழுப்பெயர். விழா மலருக்கு நம் உடற்பயிற்சிக் கூடத்தின் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எந்த வருஷம் எந்த பெஞ்ச் வாங்கினோம் என்பதை ஆண்டறிக்கையே சொல்லும். நாம் எந்த வழியில் வந்தவர்கள் என்று எழுத வேண்டுமானால் ஐயரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவருக்கு முன்னும் இந்தப் பக்கம் கூடங்கள் இருந்தன. மண் கோதா, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, சுவரில் ஆஞ்சநேயர். மல்யுத்தத்துக்கும் சிலம்பத்துக்கும் உடம்பைத் தயார் செய்வதுதான் அங்கே நோக்கம். போட்டிக்குப் போகாதவனுக்கு அங்கே வேலை இல்லை. பிறகு பலம் காட்சிப்பொருளானது. ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு (1882–1942) சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு முடித்தவர். சர்க்கஸ் நடத்தி, மார்பில் சுற்றிய சங்கிலியை மூச்சை இழுத்தே அறுத்தார், நெஞ்சின்மேல் யானையை ஏற்றினார். ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது. ஆனால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் யானையை ஏற்ற முடியாதே.

ஐயரின் வழி வேறு. 1904-05இல் இந்தியா வந்து போன பலசாலி யூஜின் சாண்டோவின் டம்பெல் முறை அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதோடு நம் சூரிய நமஸ்காரத்தையும் ஆசனத்தையும் சேர்த்தார். 1920களில் பெங்களூரில் திப்பு சுல்தான் அரண்மனைப் பக்கம் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் தொடங்கினார். பிற்பாடு மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தது, ஜே. சி. ரோட்டில் வியாயாமசாலை எழுந்தது. அங்கே மல்லர்களைவிட குமாஸ்தாக்களும் மாணவர்களும் அதிகம் வந்தார்கள். தூக்கும் எடையைவிடத் தோளுக்கும் இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ள பொருத்தம்தான் அவருக்கு முக்கியம். இன்று பையன்கள் சொல்லும் ‘கட்’, ‘ஷேப்’ இரண்டும் அவருடைய கவலைகள்.

1930இல் ‘மஸில் கல்ட்’, 1936இல் ‘பர்ஃபெக்ட் ஃபிசிக்’, மறு ஆண்டு ‘சூர்ய நமஸ்கார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய படங்கள் வெளிநாட்டு உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் வந்தன. தன் உடம்பின் அழகைத் தானே எழுத்தில் புகழ்ந்துகொள்வார். அடக்கம் மட்டும் அவர் பழகாத பயிற்சி! ஆனால் அந்த மார்பைவிட அவர் நடத்திய அஞ்சல்வழிப் பயிற்சிதான் பெரிய சாதனை என்பேன். மாஸ்டர் இல்லாத ஊரில் இருக்கிறவனுக்கும் தபாலில் பாடம் போனது.

அவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் உரையும் செய்முறையும் நிகழ்த்தியவர் தமிழரான யோகாசார்ய சுந்தரம். ஐயர் தசையைக் காட்ட, சுந்தரம் ஆசனம் காட்டினார். மாணவர்களில் ரமேஷ் பால்சேகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1938இல் அகில இந்திய உடலழகுப் போட்டியில் வென்றவர், பிறகு பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். ஓய்வுபெற்றதும் அத்வைத குரு நிசர்கதத்த மகராஜின் பேச்சை மொழிபெயர்த்து, கடைசியில் தாமே அத்வைதம் போதித்தார். தசையிலிருந்து வேதாந்தத்துக்கு இவ்வளவு நேராகப் போனவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

1951இல் வங்காளத்து மனோதோஷ் ராயும் அடுத்த ஆண்டு மனோகர் ஐச்சும் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தத்தம் பிரிவில் வென்றபோது ஐயருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் கவனம் அதற்குள் வேறெங்கோ இருந்தது. வியாயாமசாலையில் சாயங்காலம் கூடியவர்களில் நாடகாசிரியர் டி. பி. கைலாசம் இருந்தார்; தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட மேடையை ஆண்டவர். ‘ரவி கலாவிதரு’ நாடகக் குழுவை வளர்த்தவர் ஐயர். ‘ரூபதர்சி’, ‘சாந்தலா’ என்று அவர் எழுதிய நாவல்களைக் கன்னட வாசகர் இன்றும் படிக்கிறார்கள். ‘சாந்தலா’ ஹொய்சள அரசியின் கதை. பளு தூக்குகிறவனுக்கு மண்டையில் ஒன்றும் இருக்காது என்று சொல்லும் மாமாக்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

நம் கூடத்தில் காலுக்குத் தனி மெஷின் இல்லை என்று திருப்பதிப் பையன்கள் குறைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அலிபிரியிலிருந்து மலைக்கு 3,550 படி, கட்டணம் இல்லை என்று மாஸ்டர் பதில் சொல்கிறார். ஐயரும் கெண்டைக்காலை அலட்சியம் செய்யச் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வசூலில் மிச்சம் விழுந்தால் மெஷின் அப்புறம் வாங்கலாம். கண்ணாடிக்கு எதிர்ச்சுவர் காலியாகக் கிடக்கிறது. அங்கே ஒரு புத்தக அலமாரி வையுங்கள். முதல் தட்டில் ஐயரின் புத்தகங்கள், கன்னட நாவல்களும் சேர்த்து.